லைசென்ஸ் யார் பேரில் இருக்கு? மரக்காணம் உப்பும் செல்லாத ஒப்பந்தங்களும்

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களில் அடிக்கடி எழும் ஒரு தகராறு இருக்கிறது. செயற்குழு ஒரு ஒப்பந்தக்காரரைப் பிடிக்கிறது. மின்பலகை மாற்றணும், புது ஒயரிங் இழுக்கணும். அட்வான்ஸ் கைமாறுகிறது. பாதி வேலையில் மனக்கசப்பு. அப்புறம்தான் யாராவது ஒருத்தர் கேட்பார்: "இந்த ஆள்கிட்ட லைசென்ஸ் இருக்கா?" இருக்காது. "அப்போ ஒப்பந்தமே செல்லாது, மீதிப் பணம் தர வேண்டாம்" என்பார் பொருளாளர். "செல்லாதுன்னா கொடுத்த அட்வான்ஸைத் திருப்பி வாங்குங்க" என்பார் மூணாவது மாடிக்காரர். ரெண்டு பேருமே சட்டம் தன் பக்கம் என்று நம்புவார்கள்.

இது ஏதோ ஃபிளாட் காலத்துப் புதுப் பிரச்சினை மாதிரித் தெரியும். இல்லை. லைசென்ஸ் இல்லாதவன் போட்ட ஒப்பந்தத்துக்கு உயிர் உண்டா என்ற கேள்வி நம்ம கடற்கரையில் இருநூறு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதை உப்பிலிருந்து பார்ப்பது நல்லது, ஏனென்றால் உப்பில்தான் "செய்தால் குற்றம்", "செய்யலாம்", "காகிதம் இருந்தால் செய்யலாம்" என்ற மூன்று நிலைகளும் ஒரே பாத்தியில், ஒரே பலகையைப் பிடித்த கைகளுக்கு, மாறி மாறி வந்திருக்கின்றன.

மரக்காணம் புதுச்சேரிக்கு வடக்கே முப்பது கிலோமீட்டர் சொச்சம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் சாலையோரம் வெள்ளை வெள்ளையாகக் குவிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தெற்கே கழுவேலி ஏரி, அது கடலோடு சேரும் இடையன்திட்டுக் கழிமுகம். உவர்நீர் உள்ளே வர வசதியான தாழ்ந்த தரை. தை மாதம் தொடங்கி வடகிழக்குப் பருவமழை வரைக்கும் வெயில். சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இந்தப் பக்கம்தான் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. சங்க இலக்கியத்தில் உமணர்கள் உப்பை வண்டியில் ஏற்றி உள்நாட்டுக்குப் போய் நெல்லுக்கு மாற்றினார்கள். அவர்களிடம் யாரும் லைசென்ஸ் கேட்டதில்லை, சுங்கம் வேண்டுமானால் கேட்டிருப்பார்கள்.

காகிதம் வந்தது 1805-ல். அந்த வருஷம்தான் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகமாக்கியது. உப்பு விளைவிப்பவர் விளைந்ததை முழுக்க அரசாங்கத்திடம்தான் ஒப்படைக்கணும். அதற்கு அவருக்குக் கிடைக்கும் பங்குக்குக் 'குடிவாரம்' என்று பெயர். நெல் வயலில் புழங்கிய சொல்லை அப்படியே உப்புப் பாத்திக்குத் தூக்கி வந்துவிட்டார்கள். அரசாங்கம் அதை வியாபாரிக்கு விற்கும். தொடக்கத்தில் கரிசைக்கு 70 ரூபாய், 1809-ல் அதுவே 105. குடிவாரத்துக்கும் இந்த விலைக்கும் நடுவில் இருந்ததுதான் வரி. வேறு யாருக்காவது ஒரு மூட்டை விற்றால் அது கடத்தல்.

பக்கத்திலேயே பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரி இருந்தது சிக்கல். எல்லைக்கு அந்தப் பக்கம் மலிவாக உப்பு விளைந்தால் இந்தப் பக்கத்து ஏகபோகம் கரைந்துவிடும். அதனால் 1815-லும் 1818-லும் பிரெஞ்சுக்காரர்களோடு உடன்படிக்கை போட்டார்கள். முதலாவதன்படி பிரெஞ்சுப் பகுதி உப்பை வாங்கும் தனியுரிமை ஆங்கிலேயருக்கு. இரண்டாவதன்படி அங்கே உப்பு விளைவிப்பதையே நிறுத்திவிட்டு அதற்கு ஈடாக வருஷா வருஷம் பணம். உப்பு செய்வதற்கு அல்ல, செய்யாமல் இருப்பதற்கு ஒப்பந்தம்! இரண்டு அரசுகள் போட்டுக்கொண்ட அந்த ஒப்பந்தம் ஜோராகச் செல்லுபடியானது.

1876-ல் சென்னை உப்பு ஆணையம் உட்கார்ந்தது. அதற்குப் பிறகு படிப்படியாகக் 'கலால் முறை' வந்தது. இனி அரசாங்கமே வாங்கி விற்காது. லைசென்ஸ் வாங்கியவர் விளைவிப்பார், வரியைக் கட்டிவிட்டுத் தனக்குப் பிடித்த வியாபாரிக்கு விற்பார். ஏறக்குறைய அதே காலத்தில் பக்கிங்காம் கால்வாயும் தெற்கே மரக்காணம் வரை வந்து சேர்ந்தது. படகில் ஏற்றினால் சென்னை. 1889-ஆம் ஆண்டுச் சென்னை உப்புச் சட்டம் இதையெல்லாம் ஒரே கட்டாகக் கட்டியது. லைசென்ஸ் இல்லாமல் உப்பு எடுப்பது குற்றம். தானாக உறைந்து கிடக்கும் உப்பை அள்ளுவதுகூடக் குற்றம். உப்பு ஆபீஸ் பியூன்கள் அப்படி உறைந்த உப்பை மண்ணோடு கலந்து அழிப்பது ஒரு வேலையாகவே இருந்தது.

இங்கேதான் ஒப்பந்தச் சிக்கல் பிறக்கிறது. ஏகபோக காலத்தில் ஒரே ஒரு வாங்குபவர்தான், அதனால் ஒப்பந்தம் என்று தனியாகப் பேச ஒன்றும் இல்லை. கலால் முறையில் வியாபாரி, முன்பணம், குத்தகை, கூட்டு எல்லாம் உள்ளே வந்துவிட்டன. லைசென்ஸ் ஒரு பேரில் இருக்கும். முதல் போடுபவர் வேறொருவர். பாத்தி கட்டி, தண்ணீர் பாய்ச்சி, உப்பு வாருபவர் மூன்றாமவர். லைசென்ஸ் முறை எங்கெல்லாம் வந்ததோ அங்கெல்லாம் இந்தப் பிளவும் கூடவே வந்தது. சாராயக் கடை, கள்ளுக்கடை, அபின் கடை, படகுத்துறை, சுங்கச்சாவடி எல்லாமே இதே கதைதான்.

தகராறு வந்தால் நீதிமன்றம் எடுத்துப் பார்க்கும் புத்தகம் 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம். அதன் 23-ஆம் பிரிவு சொல்வது இதுதான்: ஒப்பந்தத்தின் நோக்கம் சட்டத்தால் தடுக்கப்பட்டதாகவோ, நடக்கவிட்டால் ஒரு சட்டத்தையே தோற்கடிப்பதாகவோ இருந்தால் அது செல்லாது. கேட்க எளிது. ஆனால் லைசென்ஸ் இல்லாமல் செய்த எல்லாமே 'சட்டத்தால் தடுக்கப்பட்டது' ஆகிவிடுமா?

இங்கிலாந்தில் இதற்கு ஏற்கெனவே இரண்டு விடை இருந்தன. 1836-ல் கோப் எதிர் ரோலண்ட்ஸ் வழக்கு: லண்டன் நகரத்தில் லைசென்ஸ் இல்லாத தரகர் தன் கமிஷனைக் கேட்டார். கிடையாது என்றார்கள். அந்த லைசென்ஸ் பொதுமக்களைக் காப்பாற்ற வந்தது. 1845-ல் ஸ்மித் எதிர் மாஹுட்: புகையிலை விற்ற ஒருவர் லைசென்ஸ் விதியைப் பின்பற்றவில்லை. ஆனால் விற்ற சரக்குக்குப் பணம் கேட்டார், கிடைத்தது. அந்த லைசென்ஸ் கஜானாவுக்கு வரி சேர்க்க வந்தது. அபராதம் கட்டிவிட்டால் போதும், விற்பனை சாகாது. ஆக, லைசென்ஸ் எதற்காக என்பதைப் பொறுத்தது ஒப்பந்தத்தின் உயிர்.

இந்த அளவுகோலை உப்பில் வைத்துப் பாருங்கள். உப்பு லைசென்ஸ் வரிக்காகத்தானே? யாருடைய உடம்பைக் காப்பாற்ற? அப்படியென்றால் லைசென்ஸ் இல்லாமல் விளைவித்தவர் விற்ற உப்புக்கும் பணம் கேட்கலாம் என்று வாதாடத் தோன்றும். ஆனால் உப்புச் சட்டம் அபராதத்தோடு நிற்கவில்லை. உப்பு எடுக்கும் செயலையே தடுத்தது, சரக்கைப் பறிமுதல் செய்தது, ஆளை உள்ளே தள்ளியது. வரிக்காக வந்த தடையாகவே இருந்தாலும் தடை தடைதான். என் கணிப்பு, 23-ஆம் பிரிவு முன்னால் அந்த விற்பனை நின்றிருக்காது. வரிக்கு ஒரு சட்டம், பாதுகாப்புக்கு ஒரு சட்டம் என்று அழகாகப் பிரிப்பது லண்டன் புகையிலைக் கடைக்குச் சரிவரும். கஜானாவுக்காக ஒரு கடற்கரையையே பூட்டி வைத்திருந்த அரசாங்கத்துக்கு அது பொருந்தாது.

1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்து போய் உப்பு அள்ளியது எல்லாருக்கும் தெரிந்த கதை. அதன் வால்பகுதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1931 மார்ச் 5-ல் காந்தி–இர்வின் ஒப்பந்தம். உப்புச் சட்டம் அப்படியே இருந்தது. ஆனால் உப்பு விளையும் இடங்களை ஒட்டிய கிராமத்து மக்கள் தங்கள் வீட்டு உபயோகத்துக்கு உப்பு எடுக்கலாம், அந்தக் கிராமத்துக்குள்ளேயே விற்கவும் செய்யலாம். வெளி ஆட்களுக்கு மட்டும் விற்கக் கூடாது. இதன் விளைவை யோசித்தால் வேடிக்கையாக இருக்கும். அதே உப்பு, அதே கூடை. அடுத்த தெருக்காரருக்கு விற்றால் நல்ல வியாபாரம். திண்டிவனத்து வண்டிக்காரருக்கு விற்றால் கள்ளச் சரக்கு, பாக்கி வைத்துவிட்டுப் போனாலும் கேட்க முடியாது. செல்லுபடி என்பது பொருளில் இல்லை, வாங்குபவரின் ஊரில் இருந்தது.

உப்பு வரி 1947 ஏப்ரல் 1-ல் ஒழிந்தது. 1948 ஏப்ரலில் சுதந்திர அரசு இன்னொரு படி இறங்கியது: 10 ஏக்கர் வரை உப்பு விளைவிக்க லைசென்ஸே வேண்டாம். 1996-ல் மத்திய சட்டத்திலிருந்து உப்பு லைசென்ஸ் பகுதியையே எடுத்துவிட்டார்கள். 1929-ல் குற்றவாளி, 1949-ல் சிறு உற்பத்தியாளர்.

உப்புக் கதவு திறந்த அதே நேரம் சாராயக் கதவைச் சென்னை உயர்நீதிமன்றம் இறுக்கிச் சாத்தியது. வேலு படையாச்சி எதிர் சிவசூரியம் பிள்ளை, 1950-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் வந்த முழு அமர்வுத் தீர்ப்பு. கேள்வி நம்ம உப்பளக் கேள்வியேதான்: ஒருத்தர் பேரில் மட்டும் லைசென்ஸ், ஆனால் கூட்டுச் சேர்ந்து சாராயமோ கள்ளோ விற்கிறார்கள், அந்தக் கூட்டு செல்லுமா? செல்லாது, பிறந்தபோதே செத்தது என்றார்கள். ஒன்று, லைசென்ஸை இன்னொருத்தருக்கு மாற்றியதாகும், அது தடை. இல்லையென்றால், லைசென்ஸ் இல்லாத கூட்டாளி விற்றதாகும், அதுவும் தடை. எந்த வழியில் போனாலும் சுவர். கூட்டு லைசென்ஸுக்கு முன்னால் போட்டதா, பின்னால் போட்டதா என்பதும் பொருட்டில்லை. இதே நிலையை உச்ச நீதிமன்றம் 1996-ல் பிஹாரி லால் ஜெய்ஸ்வால் வழக்கில் வருமான வரிக் கணக்குக்காகவும் ஏற்றுக்கொண்டது.

சட்டமாகப் பார்த்தால் பிசிறில்லை. ஆனால் பாதிப்பு யாருக்கு? பணம் போட்ட கூட்டாளிக்கு. லைசென்ஸ்காரர் கல்லாவைப் பூட்டிக்கொண்டு "கூட்டே செல்லாதுப்பா" என்று சொல்லிவிடலாம். 1775-லேயே இங்கிலாந்தின் மான்ஸ்ஃபீல்டு பிரபு ஒரு தேயிலைக் கடத்தல் வழக்கில் இதை ஒப்புக்கொண்டிருக்கிறார்: பிரதிவாதி வாயிலிருந்து அந்த வாதம் கேட்க நன்றாக இருக்காது, ஆனால் அது அவருக்காக ஏற்கப்படுவதில்லை, நீதிமன்றம் இப்படிப்பட்ட வழக்குக்குக் கை கொடுக்காது என்பதற்காக. இதில் ருசியான விஷயம், அந்த வழக்கில் தேயிலை விற்றவர் ஜெயித்தார். அவர் விற்றது பிரான்சின் டன்கர்க்கில். அங்கே விற்பதில் குற்றமில்லை.

சாராய லைசென்ஸ் வரிக்காக மட்டும்தான் என்று யாராவது சொன்னால் மரக்காணத்துக்கு வந்து கேட்கச் சொல்லணும். 2023 மே மாதம் எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த விஷச் சாராயம் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். லைசென்ஸ் எதற்காக என்ற கேள்விக்கு உப்பளத்தில் ஒரு விடை, சில மைல் தள்ளிக் குப்பத்தில் வேறு விடை.

சரி, செல்லாத ஒப்பந்தத்தில் கொடுத்த பணம்? ஒப்பந்தச் சட்டத்தின் 65-ஆம் பிரிவு, ஒப்பந்தம் செல்லாது என்று தெரியவந்தால் வாங்கிய பலனைத் திருப்பிக் கொடு என்கிறது. மூணாவது மாடிக்காரர் சந்தோஷப்படலாம், கொஞ்ச நேரத்துக்கு. 'தெரியவந்தால்' என்பதுதான் பூட்டு. 1974-ல் குஜு காலியரீஸ் எதிர் ஜார்க்கண்ட் மைன்ஸ் வழக்கில் நிலக்கரிச் சுரங்கக் குத்தகை கனிமச் சட்டத்துக்கு விரோதமானது. குத்தகைக்குக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். ஆரம்பத்திலேயே இரு தரப்புக்கும் சட்டம் தெரிந்திருக்கணும், பிறகு 'தெரியவந்தது' என்று சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

ஒப்பந்தம் இல்லை, ஆனால் வேலை நடந்திருக்கு, கட்டடம் நிற்குது என்றால்? அதற்கு 70-ஆம் பிரிவு. 1944-ல், போர்க்காலத்தில், வங்காளத்தின் ஆராம்பாகில் சிவில் சப்ளைஸ் துறைக்காகப் பி.கே. மண்டல் என்ற நிறுவனம் தற்காலிகக் கிடங்குகள் போட்டுக் கொடுத்தது. அதிகாரிகள் கேட்டபடி காவலர் அறை, அலுவலகம், சமையலறையும் கட்டியது. முறைப்படி கையெழுத்தான ஒப்பந்தம் இல்லை, ஆகவே பணம் இல்லை என்றது அரசு. வேலையைச் சும்மா செய்யவில்லை, நீ அதை அனுபவித்தாய், எனவே நியாயமான விலையைக் கொடு என்று உச்ச நீதிமன்றம் 1962-ல் வெளியான தீர்ப்பில் சொன்னது. ஒப்பந்தக்காரர்கள் பலர் இந்த வழக்கைத்தான் பிடித்துக்கொள்வார்கள். கவனிக்க வேண்டிய ஒன்று: 70-ஆம் பிரிவு, வேலை 'சட்டப்படி' செய்யப்பட்டிருக்கணும் என்கிறது. மண்டலிடம் குறைந்தது ஒரு சம்பிரதாயம்தான். கிடங்கு கட்டுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. லைசென்ஸ் இல்லாமல் செய்யவே கூடாத வேலை அந்த வாசலில் நுழைவது கஷ்டம்.

இனி ஃபிளாட்டுக்கு வருவோம். தமிழ்நாட்டில் சுவருக்குப் பெயின்ட் அடிக்க, குழாய் மாற்ற என்று பொதுவான ஒப்பந்தக்காரர் லைசென்ஸ் எதுவும் கிடையாது. அந்த வேலைக்கு "லைசென்ஸ் இல்லை, செல்லாது" என்று பொருளாளர் சொன்னால் அது வெறும் சாக்கு. கலிஃபோர்னியாவில் நிலைமை வேறு. அங்கே 1929-லிருந்தே ஒப்பந்தக்காரர்களுக்கு லைசென்ஸ் வாரியம் உண்டு, லைசென்ஸ் இல்லாதவர் கூலி கேட்டு வழக்கே போட முடியாது. 1991-ல் பாலைவன ஊர் ஒன்றில் கடல் அலை எழுப்பும் நீச்சல்குளம் கட்டிக் கொடுத்த ஹைட்ரோடெக் என்ற நியூயார்க் நிறுவனம், எங்களை ஆசை காட்டி வரவழைத்து ஏமாற்றினார்கள் என்றுகூடச் சொல்லிப் பார்த்தது. ஒரு காசு தேறவில்லை. இணையத்தில் இந்த விஷயத்தைத் தேடினால் கலிஃபோர்னியா விதிகள்தான் முதலில் வந்து விழும். அதை இங்கே ஒட்டிப் பேசுகிறவர்கள் நிறைய.

மின்வேலை அப்படியில்லை. 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளின் 45-ஆம் விதி தொடங்கி இன்றைய பாதுகாப்பு விதிகள் வரை, பல்பு, ஃபியூஸ், விசிறி மாற்றுவது போன்ற சில்லறை வேலை போக மற்றதை உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரர்தான் செய்யணும். இது கோப் வழக்கின் வகை, புகையிலைக் கடை வகை இல்லை. உரிமமில்லாதவர் மீதிப் பணத்துக்கு நீதிமன்றம் போனால் 23-ஆம் பிரிவு வாசலில் நிற்கும். சங்கம் அட்வான்ஸைக் கேட்டுப் போனால் குஜு காலியரீஸ் நிற்கும். அதனால் முன்னால் சொன்ன தகராறில், பணம் யார் கையில் இருக்கிறதோ அங்கேயே நின்றுபோகும் வாய்ப்பு அதிகம். இதில் வேலு படையாச்சித் தந்திரமும் உண்டு: உரிமம் ஒரு பேரில், வேலைக்கு வருபவர் வேறு. காகிதத்தைக் கேட்கும் சங்கங்கள்கூட அதில் உள்ள பேரையும் வந்திருக்கும் ஆளையும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை.

கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆளை இறக்குவது எல்லாவற்றுக்கும் மேலே. 2013-ஆம் ஆண்டு கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம், அதற்காக முன்பு போட்டிருந்த ஒப்பந்தங்களையே செல்லாதவையாக்கியது, இழப்பீடும் கிடையாது என்றது. பாதுகாப்பின்றித் தொட்டியைச் சுத்தம் செய்ய ஆள் வைத்தால் வைத்தவருக்குச் சிறை. செயற்குழுவுக்கும் சேர்த்துத்தான்.

கடைசியாக, கூலிக்காரர்கள். 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டப்படி 20 பேரோ அதற்கு மேலோ வேலைக்கு வைக்கும் ஒப்பந்தக்காரர் லைசென்ஸ் எடுக்க வேண்டியிருந்தது. (2020-ஆம் ஆண்டுத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 50 ஆக்கியது.) லைசென்ஸ் இல்லையென்றால்? சென்னை உயர்நீதிமன்றம் 1985-ல் பெஸ்ட் அண்ட் கிராம்ப்டன் வழக்கில் துணிந்து ஒரு விடை சொன்னது: லைசென்ஸ் இல்லாத இடைத்தரகர் சட்டத்தின் கண்ணில் இல்லவே இல்லை, ஆகவே தொழிலாளர்கள் நேரடியாகக் கம்பெனியின் ஆட்கள். ஒப்பந்தம் செத்தால் அதன் பலன் கீழே இருப்பவனுக்குப் போகட்டும் என்ற விடை. எனக்கு இது ரொம்பப் பிடித்த தீர்ப்பு. ஆனால் டில்லி, கேரளம் போன்ற வேறு உயர்நீதிமன்றங்கள் வேறு மாதிரிச் சொல்ல, 1992 தொகுப்பில் வந்த தீனா நாத் எதிர் நேஷனல் ஃபெர்டிலைசர்ஸ் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவைத்தது. லைசென்ஸ் இல்லாததற்குத் தண்டனை உண்டு, அவ்வளவுதான். தொழிலாளி முதன்மை முதலாளியின் ஆளாக மாறிவிட மாட்டான் என்றது. கைக்கு மிஞ்சியது 1970 சட்டத்தின் 21-ஆம் பிரிவு மட்டும்: ஒப்பந்தக்காரர் கூலி தராமல் போனால் வேலை வாங்கியவர் தரணும், பிறகு ஒப்பந்தக்காரரிடம் கழித்துக்கொள்ளணும் என்றது அது.

மரக்காணத்தில் இன்று உப்பு விளைவிக்க மத்திய லைசென்ஸ் வேண்டாம். ஆனால் அரசு நிலத்துப் பாத்திக்குக் குத்தகைப் பத்திரம் வேண்டும், அதில் பேர் ஒருத்தருடையது. உப்பை வாருகிறவர்கள் வேறு. ஐப்பசியில் மழை இறங்கிப் பாத்தி கரைந்ததும் வேலை நின்றுவிடும், அடுத்த தை வரைக்கும் கூலி இல்லை. அவர்களுடைய ஒப்பந்தம் செல்லுமா, செல்லாதா என்று யாரும் கேட்பதில்லை. வாயால் பேசியது தவிர எழுதியது எதுவும் இருப்பதில்லை.